இணைத்தால் பார்க்கலாம், திருத்த முடியாது

பழைய பத்திரிகை நறுக்குகளைக் கணினியில் பட்டியலிட்டு வருகிறேன். கட்டுரைகளுக்கு ஓர் அட்டவணை, எழுதியவர்களுக்கு மற்றோர் அட்டவணை. எழுத்தாளரின் பெயரைக் கட்டுரைதோறும் பதியாமல், அவருக்கு ஓர் இலக்கம் கொடுத்து, அதை மட்டும் கட்டுரையோடு பதிவதே தரவுத்தள முறை.

இலக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம்மவர் பெயர்களே பதில் சொல்லும். சிவஞானசுந்தரம் என்ற பெயரில் ஈழத்து எழுத்துலகில் மூவரை உடனே நினைவுகூரலாம்: சிறுகதை முன்னோடியான இலங்கையர்கோன், ‘சிரித்திரன்’ ஆசிரியர் சுந்தர், மருத்துவப் பேராசிரியரான நந்தி. இயற்பெயரை வைத்து இரு அட்டவணைகளையும் இணைத்தால், ஒருவர் எழுதியது மூவர் கணக்கிலும் ஏறிவிடும்.

கணினிக்கு இலக்கம் போதும். எனக்கோ பெயர் தெரியவேண்டும். ஆகவே இலக்கத்தைக் கொண்டு இரண்டையும் இணைத்து, ஒரே கட்டத்தில் காட்டும்படி செய்நிரல் எழுதினேன். அழகாகக் காட்டியது. ஆனால், தலைப்பிலுள்ள ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, சேமி என்றால் மறுக்கிறது! ஒற்றை அட்டவணைக்குத் திருத்தக் கட்டளைகளைத் தானே ஆக்கித் தரும் கருவி, இணைப்பைக் கண்டதும் கையை விரித்துவிடுகிறது. தலைப்பு கட்டுரை அட்டவணைக்கே உரியது. அதில் என்ன ஐயம்?

பெயரைத் திருத்துவது வேறு கதை. ஒரு நிரையில் ‘நந்தி’ என்பதை அழித்து ‘சுந்தர்’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டுரை சுந்தருடையது என்கிறேனா, நந்தியின் பெயரே சுந்தர் என்கிறேனா? முதலாவதாயின் கட்டுரை அட்டவணையில் இலக்கம் மாறவேண்டும். இரண்டாவதாயின் எழுத்தாளர் அட்டவணையில் பெயர் மாறும்; நந்தியின் கட்டுரைகள் யாவும் ஒரு நொடியில் சுந்தருடையவையாகிவிடும். இணைப்பில் திருத்த இடங்கொடுக்கும் மென்பொருள்கள் சில, கேளாமலே இரண்டாவது வழியில் செல்கின்றன. மறுக்கும் கருவியைவிட இவையே எனக்கு அச்சம் தருகின்றன.

தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் முன்வைத்த ஐபிஎம் ஆய்வாளர் எட்கார் கொட், 1985இல் வகுத்த விதிகளுள் ஆறாவது இதைப் பற்றியதே. கோட்பாட்டளவில் திருத்தத்தக்க காட்சிகள் அனைத்தையும் திருத்தத் தரவுத்தளம் இடமளிக்கவேண்டும் என்றார் அவர். நடைமுறையில் கருவிகள் சுலபமான சிலவற்றுக்கு இடங்கொடுத்துவிட்டு, மற்றவற்றை நம் தலையில் கட்டிவிடுகின்றன.

இதனிலும் பொல்லாதது ஒன்றுண்டு. சாதாரண இணைப்பில், எழுதியவர் இன்னாரென்று தெரியாத கட்டுரைகள் பட்டியலில் வருவதேயில்லை. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. நம் பத்திரிகைகளில் பெயரின்றியும் ஓரிரு எழுத்துகளை மட்டும் இட்டும் வெளிவந்தவை எத்தனை! இடது வெளி இணைப்பு என்ற வகையைக் கையாண்டால்தான் அவை கண்ணில் படும்.

இப்போது கட்டத்திலிருந்து இணைப்பையே எடுத்துவிட்டேன். கட்டம் கட்டுரை அட்டவணையை மட்டும் வாசிக்கிறது. எழுத்தாளருக்குரிய நிரலில் ஒரு தெரிவுப்பட்டியல். கண்ணுக்குப் பெயர், உள்ளே இலக்கம். வேறு பெயரைத் தெரிந்தால் இலக்கந்தான் மாறும். எவருடைய பெயரும் சிதையாது. புதியவர் ஒருவரைச் சேர்க்க வேறொரு படிவத்தைத் திறக்கவேண்டியிருப்பது தொல்லைதான்.

அந்தப் பட்டியலில் சிவஞானசுந்தரங்கள் மூவரும் தத்தம் புனைபெயரோடு ஒருவர்கீழ் ஒருவராக நிற்கிறார்கள். ஆள் தெரியாத கட்டுரைகளுக்கு நேரே அந்த இடம் வெறுமையாக உள்ளது. அடையாளம் சொல்லக்கூடிய ஒருவர் கிடைக்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.