முதல் இலையில் யார் உட்காருவது?

அடியே,

உன் அண்ணன் மகன் போன வாரம் வந்திருந்தான். காபி ஆறுவதற்குள் கம்பெனிக் கதை முழுக்கக் கொட்டிவிட்டான். புதுக் கம்பெனிக்கு முதலீடு கேட்டுப் போன இடத்தில் பிடிக்கவில்லை என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையாம். "பிரமாதம் தம்பி, லீட் யாருன்னு முடிவானதும் சொல்லுங்க, நாங்களும் வர்றோம்." எல்லார் வாயிலும் இதே பாட்டு! பந்தி தயார், முதல் இலையில் உட்காரத்தான் ஆளில்லை.

லீட் என்றால் பெரிய பெயர் என்று நினைத்துக்கொள்ளாதே. கம்பெனி இவ்வளவு பெறும் என்று விலை சொல்லி, நிபந்தனைகளை எழுதிய டெர்ம் ஷீட் கொடுத்து, அந்த முதலீட்டுச் சுற்றில் பெரும் பணத்தைத் தானே போடுகிற ஆள். விலை சொல்லத்தான் எல்லாருக்கும் நடுக்கம். பின்னால் வருகிறவர்களுக்கு என்ன, அவர் சொன்னார், போட்டோம் என்று கையைத் தட்டிவிடலாம்.

ஏர்பிஎன்பிக்காரர்களே 2008-ல் ஒன்றரை லட்சம் டாலர் முதலீடு கேட்டு ஏழு பேரிடம் போனார்கள். ஐந்து பேர் முடியாது என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒபாமா பெயரில் காலை உணவுச் சீரியல் டப்பாவை 40 டாலருக்கு விற்று நாட்களை ஓட்டினார்கள், பாவம். மறு வருஷம்தான் செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம் வந்தது.

கூகுள் கதை இன்னும் ருசி. 1998-ல் ஆண்டி பெக்டோல்ஷைம் என்ற முதலீட்டாளர் 'கூகுள் இன்க்' பெயருக்கு ஒரு லட்சம் டாலர் செக்கை நீட்டிவிட்டார். அந்தப் பெயரில் கம்பெனியே பதிவாகவில்லை! செக் டிராயரில் கிடந்தது. நம்ம சென்னையில் பிறந்த ராம் ஸ்ரீராமும் அப்போதே பணம் போட்டவர். 1999-ல் எல்லாம் தலைகீழ். செக்கோயா, கிளைனர் பெர்கின்ஸ் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்களுக்கும் தானே முன்னால் நிற்க வேண்டும். கூகுளைத் தொடங்கிய பேஜும் பிரின்னும் இருபத்தைந்து, இருபத்தாறு வயசுப் பையன்கள். சேர்ந்து வந்தால் வாருங்கள் என்று அசையாமல் இருந்துவிட்டார்கள். கடைசியில் ஆளுக்கு 1.25 கோடி டாலர். என்ன நெஞ்சழுத்தம் பார்!

உன் மருமகனுக்கு அந்த நெஞ்சழுத்தம் கிடையாது. 'வருவீங்களா' என்று கேட்டுவிட்டு, தலையாட்டினவர்களை எல்லாம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறான். "நீங்களே லீட் பண்ணுவீங்களா, இதுக்கு முன்னாடி யாருக்குப் பண்ணியிருக்கீங்க என்று முதல் சந்திப்பிலேயே கேளுடா" என்றேன். மென்று விழுங்கினால் அடுத்த வாசல். புதுக் கம்பெனிகளுக்குக் கைகொடுக்கும் ஒய் காம்பினேட்டர் 2013-ல் கொண்டுவந்த 'சேஃப்' பத்திரம் மாதிரி, பங்கு விலையை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டுச் சின்னச் சின்னச் செக்காக வாங்கவும் வழி உண்டு. அது கௌரவக் குறைச்சலாம் அவனுக்கு!

அது கிடக்கட்டும். லீட் கிடைத்த பிறகுதான் பெண் பார்க்கலாம் என்று உன் அண்ணி சொல்லித் திரிகிறாளாமே, நிஜமா? உடனே எழுது.