நோட்டீஸ் வருமா?

நேத்து ஒரு ரிசப்ஷன்.
மேடையில லைட் மியூசிக், பந்தி வரைக்கும் அலறுது.
இளையராஜா பாட்டு ஆரம்பிச்சதும் பக்கத்து இலை பெரியப்பா, "மாப்ள வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வரப்போகுது பாரு!"

வராது பெரியப்பா.
காப்பிரைட் சட்டம் 52ஆம் பிரிவுலயே கல்யாணத்துக்கு விலக்கு இருக்கு. மாப்பிள்ளை ஊர்வலமும் அதுல சேர்த்தி. 2023ல மத்திய அரசு இதைத் திரும்பவும் தெளிவுபடுத்துச்சு.

டிக்கெட் போட்டு கச்சேரி வச்சா கதை வேற.
2017ல அமெரிக்காவுல பாடிட்டிருந்த எஸ்.பி.பி.க்கே ராஜா தரப்புல இருந்து நோட்டீஸ் போச்சு. அவரும் அதை முகநூல்லதான் சொன்னார். இங்க நாம ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்கிட்டோமே!

நான் ராஜா கட்சி. மெட்டு போட்டவருக்குக் காசு போகணும்.
ஆனா 2012 திருத்தத்துல பாடினவங்களுக்கும் ராயல்டி உண்டுன்னு இருக்கு. அதைப் பத்தி யாரும் இவ்ளோ சத்தமா பேசலையே, ஏன்?

(நான் பாடினா எந்த இசையமைப்பாளரும் உரிமை கோரமாட்டார். அது தனிச் சலுகை.)

சரி, கல்யாண வீடியோவை அந்தப் பாட்டோட யூடியூப்ல ஏத்தினா?
அங்கயும் இந்த விலக்கு செல்லுமா?
வக்கீல் நண்பர்கள் யாராச்சும் சொல்லுங்களேன்.