இந்த வருஷம் ஸ்டார் உண்டா?

டிசம்பர் பிறந்ததுமே நாசரேத்திலிருந்து நாத்தனார் போன் செய்துவிட்டார். "அம்மா போய் முதல் கிறிஸ்மஸ். ஸ்டார் கட்ட வேண்டாம், பலகாரம் சுட வேண்டாம். நாங்க கொண்டு வாரோம்."

இவர் என் கையிலிருந்து போனை வாங்கி, "சரிக்கா" என்றார். ஜூன் மாதம் அத்தை தவறியதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் இவர் சொல்லும் ஒரே பதில் அதுதான். சாப்பிடலாமா, சரி. டாக்டரிடம் போகலாமா, சரி. அடக்கத்தன்றுகூட அழவில்லை. பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது பழைய வழக்கம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் தொங்காது, எண்ணெய்ச் சட்டி ஏறாது. சொந்தக்காரர்கள் முறுக்கும் முந்திரிக்கொத்தும் கொண்டு வந்து கொடுப்பார்கள். பைபிளில் இப்படி ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் இதை நான் குறை சொல்ல மாட்டேன். அழுகிற வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லாமல் பக்கத்து வீடு சமைத்துக் கொண்டுவருவது நல்ல வழக்கம்தானே? என் கவலை வேறு. இந்த மனுஷன் அழவே இல்லையே!

கல்யாணமாகி 31 வருஷமாக, கிறிஸ்மஸுக்கு முந்தின ஏதாவது ஒரு சனிக்கிழமை நாங்கள் குரோம்பேட்டையிலிருந்து பாரிமுனைக்குப் போவோம். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அவர்களையும் இழுத்துக்கொண்டு, பிறகு நாங்கள் இருவர் மட்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் முட்டிவலி வரும்வரை அத்தையும் கூட வருவார். இந்த வருஷம் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் 64 பேருக்குப் பரிசு வாங்கும் பொறுப்பு வழக்கம்போல எங்கள் தலையில் விழுந்தது. "போகலாமாங்க?" என்றேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

காலை எட்டரை மணி பீச் வண்டி. 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிற தடம் இது. சனிக்கிழமை என்பதால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சைதாப்பேட்டை தாண்டும்போது ஒரு பையன் சாண்டா தொப்பி விற்றுக்கொண்டு வந்தான். ஒன்று வாங்கி இவர் தலையில் வைத்திருப்பேன், வேறு வருஷமாக இருந்தால்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி, சிவப்புக் கட்டடமான ஜி.பி.ஓ.வைத் தாண்டி, பாரிமுனைக் கூட்டத்துக்குள் நுழைந்தோம். பந்தர் தெருவுக்கு டிசம்பரில் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஜிகினா மாலை, பந்து, மணி, பிளாஸ்டிக் மரம். நடுவில் தள்ளுவண்டி, மூட்டை தூக்குகிறவர், ஹாரன் அடித்தபடி பைக். தோள் இடிக்காமல் பத்தடி நடக்க முடியாது. ஒரு பென்சில் பாக்ஸை 75 ரூபாயிலிருந்து 62-க்கு இறக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. இவர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். ஆண்டர்சன் தெருவில் பரிசு சுற்றும் காகிதமும் வாங்கியாயிற்று. அப்படியே திரும்பியிருந்தால் பத்தரைக்கெல்லாம் வேலை முடிந்திருக்கும்.

ஆனால் திரும்புகிற வழியில்தான் பாய் கடை இருக்கிறது. வருஷா வருஷம் எங்களுக்கு ஸ்டார் கொடுக்கிற கடை.

இந்த ஸ்டார் விஷயத்தில் எனக்கும் அத்தைக்கும் 31 வருஷச் சண்டை என்று சொல்லவேண்டும். ஊரில் அத்தை கையாலேயே ஸ்டார் செய்வாராம். மூங்கிலைச் சீவிக் கட்டி, பட்டம் செய்கிற தாள் ஒட்டி, உள்ளே பல்பு. சீவிக் கொடுப்பது இவர் வேலை. இவருடைய இடது கட்டைவிரலில் அந்தக் கத்தி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. சென்னைக்கு வந்த பிறகு கடையில் வாங்கினாலும் அத்தைக்கு வெள்ளைத் தாள் ஸ்டார்தான் வேண்டும். எனக்குச் சிவப்பு ஆசை. "ஏளா, பெத்லகேம்ல சிவப்பு நட்சத்திரமா உதிச்சுது? கலர் எல்லாம் கடைக்காரன் கண்டுபிடிச்சது" என்பார். எதிர்த்துப் பேச முடியாது. எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் எல்.ஈ.டி.யில் கண்சிமிட்டும்போது எங்கள் வீட்டில் மட்டும் வெள்ளை. எத்தனை டிசம்பர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாய் எங்களைப் பார்த்துவிட்டார். "வாங்க சார், வாங்கம்மா! என்ன, இந்த வருஷம் லேட்டு? வீட்ல அம்மா சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாற்றிச் சொல்லவும் வாய் வரவில்லை. பாய் அதற்குள் ஸ்டூலில் ஏறி, பரணிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை இறக்கினார். பிரித்தால் வெள்ளை ஸ்டார். மூங்கில் சட்டம், ஐந்து முனை, ஒரு பூ வேலைகூட இல்லை.

"இதை இப்ப யாரும் கேக்கறதில்ல சார். எல்லாம் எல்.ஈ.டி.தான். உங்கம்மாவுக்குன்னு ஒண்ணு மட்டும் எடுத்து வைப்பேன். இருநூத்தி இருபது."

இவர் அதைக் கையில் வாங்கினார். மூங்கில் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம். பின்னால் நின்ற ஒருவர் "சார், கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

"இருநூத்தி இருபதா? அம்மா இருந்தா நூத்தம்பதுக்கு மேல ஒரு பைசா தரமாட்டா. 'ஏம்பா, மூங்கிலும் தாளும்தானே, தங்கமா வச்சிருக்கே?'ம்பா."

அப்படியே அத்தை குரல். அந்த இழுவை, அந்தத் தலையாட்டல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாயும் சிரித்தார். பாதியில் நிறுத்தினார். 'இருந்தா' என்ற சொல் அப்போதுதான் அவருக்கு எட்டியிருக்க வேண்டும்.

"ஜூன்ல தவறிட்டாங்க, பாய்" என்றார் இவர். அந்த வார்த்தையை இவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வந்தவர்கள் எல்லோரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாய் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலை இவர் பக்கம் நகர்த்தினார். இவர் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நூத்தம்பதே குடுங்க சார். அது அம்மா விலை" என்றார். சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கிருந்து நேரே ஆர்மேனியன் தெரு. அரண்மனைக்காரன் தெரு என்று தமிழில் பெயர். அந்தத் தெருவின் அந்தோணியார் கோயிலை எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே இருக்கிற ஆர்மேனியர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் குறைவு. 1772-ல் கட்டியது. ஆறு பெரிய மணிகள் தொங்கும் கோபுரம், அரளி மரங்கள், தரையெங்கும் கல்லறைக் கற்கள். இவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். அதனால் இங்கே அடக்கமான ஒரு பாதிரியாருக்காகவே வருஷம் ஒருமுறை வருவார். அவர் பெயர் ஷ்மாவோன்யன். உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 1794-ல் இந்த மதராஸில்தான் அச்சானது, அச்சிட்டவர் அவர். "ஊரை விட்டு வந்து, எழுத்தை அச்சடிச்சுட்டுப் படுத்திருக்காரு பாரு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். இந்த முறை சொல்லவில்லை.

வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஸ்டாரை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ஆறு மாதத்து அழுகை. 61 வயது மனுஷன் தோள் குலுங்க அழுவதைப் பார்க்க நமக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நான் கல்லறைக் கற்களைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அத்தையிடம் சிவப்பு ஸ்டாருக்காகப் பேசாமல் இருந்த நாட்கள் எனக்கும் வரிசையாக நினைவுக்கு வந்தன. எனக்கும் முந்தானை தேவைப்பட்டது.

எழுந்தபோது, "ஆர்மேனியர்களுக்கு ஜனவரி 6-தான் கிறிஸ்மஸ், தெரியுமா?" என்றார்.

"வருஷா வருஷம் சொல்றீங்களே."

"மறந்திருப்பியோன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு பசித்தது இருவருக்கும். மதியச் சாப்பாடு பக்கத்து ஓட்டலில் ஏதோ சாப்பிட்டோம். சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மாக் கடையில் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த ருசி. நூடுல்ஸில் முட்டைகோஸும் புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். இவர் இரண்டாவது தட்டு கேட்டார். டாக்டர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

மூங்கில் ஸ்டாரை மடக்க முடியாது. வண்டியில் கூட்டம். பூங்கா ஸ்டேஷன்வரை இவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண், "குடுங்க அங்கிள், நான் வச்சுக்கிறேன்" என்று வாங்கி, குரோம்பேட்டை வரும்வரை குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தாள். "எங்க வீட்டு ஸ்டாரும் வெள்ளைதான்" என்று வேறு சொன்னாள். 31 வருஷத்தில் இப்படி ஒரு ஆளை அத்தைக்குக் காட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து ஸ்டாரைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தோம். கட்டுவதா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "சரி" வந்துவிடுமோ என்று பயம்.

இவர் கை கால் கழுவிவிட்டு வந்து நாசரேத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"அக்கா, பலகாரம் நீங்க சொன்ன மாதிரி. நாங்க எதுவும் சுடலை. ஆனா ஸ்டார் வாங்கியாச்சு. கட்டப்போறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு நாத்தனார் குரல், கொஞ்சம் கம்மி வந்தது.

"வெள்ளையாடா?"

"வெள்ளைதான்க்கா."

"எவ்வளவு குடுத்தே?"