எடைக்குப் போடாதீர்கள்

2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியை ஆன் செய்ததும் இரண்டு இயங்குதளங்களின் பெயர்கள் வரும்: விண்டோஸ், பாஸ் லினக்ஸ். பாஸ், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பிள்ளைகள் பெரும்பாலும் விண்டோஸுக்கே போனார்கள். மற்றதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இத்தனைக்கும் 2007-லேயே ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் பொறுப்பிலிருந்த தமிழக அரசு நிறுவனமான எல்காட், சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியிருந்தது.

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற என் மேசைக்கு அந்த மடிக்கணினிகள் இன்றும் வருகின்றன. அடிமூடியைக் கழற்றினால் விசிறி இறக்கையில் கரிசல் புழுதி அப்பிக் கிடக்கும். பிரஷால் தட்டியெடுத்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவேன். ரேம் 2 ஜிபி என்றால் 4 ஆக்குவேன். அதன்பிறகுதான் லினக்ஸ் மின்ட் ஏற்றுவேன், அதிலும் பழைய கணினிக்குச் சுமையில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

எடுத்த எடுப்பில் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பென்டிரைவிலிருந்தே பூட் செய்து, டிஸ்க்கைத் தொடாமல் ஓட்டிப் பார்க்கலாம். அப்போது மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் தாள் தள்ளுகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்கள் டிரைவர் விஷயத்தில் படுத்தியெடுக்கும்.

எனக்கு மனசு நிறைகிற இடம் தமிழ்தான். தட்டச்சுக்கான ஐபஸ் மென்பொருளில் எம்17என் பொதியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். அ, க, க, ஆ என்று தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழுந்து, ‘அக்கா’ திரையில் நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை மட்டும் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் லினக்ஸ் ஒத்துவராது. தீப்பெட்டி ஆபீஸ் கணக்கை டேலியில் வைத்திருப்பவரையும், கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கும் டிடிபி கடைக்காரரையும் மாறச் சொல்ல மாட்டேன். படிக்கிற பிள்ளைக்கும், கடிதம் அடித்து மெயில் பார்க்கிற வாத்தியாருக்கும் தாராளமாகப் போதும். புரோகிராம் எழுதப் பழகும் பிள்ளைக்கோ பைத்தான் அதிலேயே இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 11-க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த தகுதியில் இந்தப் பழைய மடிக்கணினிகள் தேறாது. பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடுமுன் ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, உங்கள் அன்றாட வேலையை ஒரு வாரம் அதில் செய்து பாருங்கள்.