பாத்திரக் கடையிலிருந்து தெரிந்த மனிதர்கள்

சாலைக் கம்போளத்தில் சுமை தூக்குகிறவர்களைப் பற்றித் திருவனந்தபுரத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் வாயில் வருவது நோக்குகூலிதான். சுமையைத் தொடாமல், இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கேட்கும் கூலி. 2018 மே 1 முதல் கேரள அரசு அதை ஒழித்தது. ஆனால் அந்தக் கெட்ட பெயர் ஒழியவில்லை; தலையில் மூட்டையோடு போகிற எல்லாரும் அதற்குள் அடைபட்டுவிட்டார்கள். அதே தெருவில் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் தமிழருக்கு இன்றும் ‘பாண்டி’ என்ற பெயர்தான். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய சந்தை இது. பல ஊர்ச் சரக்கும் பல ஊர் மனிதரும் வந்து சேரவே எழுந்த இடத்தில், சாக்கின் மேல் எழுதுவதுபோல ஆள்மேலும் எழுதிவிடுவது சுலபமாகிவிட்டது.

அந்தத் தெருவில்தான் எழுத்தாளர் ஆ. மாதவன் பாத்திரக் கடை நடத்தினார். 1934இல் பிறந்து 2021இல் மறைந்தவர். 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். 1974இல் வந்த ‘கடைத்தெருக் கதைகள்’ முழுக்க அந்தக் கடை வாசலைக் கடந்துபோன ஆட்கள்தான். சுமட்டுக்காரர், சில்லறைத் திருடர், தெருவில் பிழைக்கும் பெண்கள். ‘பாச்சி’ கதையில் நாணு தன் நாய் செத்துப்போன துக்கத்தில் தவிக்கிறான். ‘எட்டாவது நாள்’ கதையில் சாகக் கிடப்பவன் ஒரு பழைய சட்டம்பி, அதாவது தெரு ரவுடி. இவர்களை மாதவன் நல்லவர்களாக்கிக் காட்டவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். திருடன் திருடனாகவே இருக்கிறான், சட்டம்பி சட்டம்பியாகவே சாகிறான். ஆனால் கதையை முடிக்கும்போது அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நம்மால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

மாதவன் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் சுவிசேஷம் வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பார்வை புதிதாக இருக்கக் கூடாது. லூக்கா ஏழாம் அதிகாரத்தில் பரிசேயனான சீமோன் இயேசுவை விருந்துக்கு அழைக்கிறான். ஊரில் பாவி என்று பெயரெடுத்த ஒரு பெண் அழைக்காமலே உள்ளே வந்து, அவர் காலருகில் நின்று அழுகிறாள். சீமோனுக்கு அவள் என்ன மாதிரிப் பெண் என்பது ஏற்கெனவே தெரியும். இவர் தீர்க்கதரிசியாக இருந்தால் இவருக்கும் தெரிந்திருக்குமே என்று நினைத்துக்கொள்கிறான். இயேசு அவளுக்காக வாதாடவில்லை. அவள் நல்லவள் என்றும் சொல்லவில்லை, பாவங்கள் அநேகம் என்று ஒத்துக்கொள்ளவும் செய்கிறார். அவர் கேட்பது, இவளைப் பார்க்கிறாயா என்பதுதான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கால் கழுவ நீ தண்ணீர் தரவில்லை, இவள் கண்ணீரால் நனைத்துத் தலைமுடியால் துடைத்தாள். நீ முத்தமிடவில்லை, இவள் விடாமல் காலை முத்தமிட்டாள். நீ எண்ணெய் பூசவில்லை, இவள் பரிமள தைலம் பூசினாள். எல்லாம் அந்த அறையில், சீமோன் கண்ணெதிரே நடந்தவை. பெரிய மனது பண்ணி அவளை மன்னித்துவிடு என்று சீமோனிடம் கேட்டிருந்தால் அவனும் பெருமையோடு மன்னித்திருப்பான். கேட்டது அதைவிடக் கடினமானது: அவள் கை என்ன செய்தது என்று கவனிப்பது. ஒருவர்மேல் விழுந்த பெயர் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையாகவே இருந்தாலும் அது அந்த மனிதரில் ஒரு துண்டுதான்.

கடைத்தெருவில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். கல்லாவில் இருப்பவர் ஒரு நொடியில் ஆளை எடைபோட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி காலி. நியாயம்தான். ஆனால் எச்சரிக்கைக்குத் தேவை அந்த நொடி மட்டும். அதை ஆயுசு முழுக்க நீட்டும்படி எந்த வியாபாரமும் கேட்பதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அடையாளத்தை மறைத்தால் அநீதியும் மறைந்துபோகும். 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர் இன்றுவரை பட்டியல் சாதியில் சேரவில்லை. மதம் மாறியதும் சாதி போய்விட்டது என்று சட்டம் நினைக்கிறது, சபைக்குள்ளேயே அது போகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தப் பெயரைச் சொல்லி உரிமை கேட்கிறவரிடம், பெயரையெல்லாம் மறந்துவிடுவோம் என்று உபதேசிப்பது அன்பல்ல. அவர் தானே சொல்லிக் கேட்பது வேறு, நாம் அவர்மேல் எழுதிவைப்பது வேறு.

பக்கத்தில் வாழ்ந்தால் ஒருவர் யாரென்று தானாகத் தெரிந்துவிடும் என்பாரும் உண்டு. அவர்களுக்குப் பதில் மாதவனிடமே இருக்கிறது. ‘புனலும் மணலும்’ நாவலில் ஆற்று மணல் வாரும் அங்குசாமி, மனைவி தங்கம்மையின் மகளான பங்கியோடு ஒரே வீட்டில் வருஷக்கணக்காக வாழ்கிறான். அவள் அழகில்லாதவள் என்ற ஒன்றைத் தாண்டி அவன் கண் போகவே மறுக்கிறது. அவள் செய்கிற பணிவிடையும் அவனுக்கு எரிச்சலாகவே படுகிறது. சீமோனைப் போல அவனும் மேசைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறான். நம் சபைகளிலும் ஒரே பெஞ்சில் இருபது வருஷம் சேர்ந்து உட்காருகிறவர்கள் உண்டு. பக்கத்திலிருப்பவர் எந்த ஊர், எந்தச் சாதி, மகன் என்ன சம்பளம் வாங்குகிறான் என்று எல்லாம் சொல்வார்கள். போன வாரம் அவர் யார் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனார் என்று கேட்டால் சொல்லத் தெரியுமா?