கெர்னலுக்குள் புறம்போக்கு நிலம்

சென்ற வாரம் நான் இட்ட சிறு குறிப்பைப் படித்துவிட்டு, வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்யும் தோழி ஒருவர் கேட்டார்: "நிரலுக்கு ஆயுள் என்கிறீர்கள், உரிமை என்கிறீர்கள். இவை சட்டத்துறைச் சொற்கள் ஆயிற்றே, கணினிக்குள் இவற்றுக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. விடை நீண்டுவிட்டதால் தனிப்பதிவாக எழுதுகிறேன். கணினித்துறை நண்பர்கள் தொடக்கப் பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

நினைவகம், வலைப்பின்னல், கோப்புகள் ஆகிய அனைத்தையும் ஆள்வது இயங்குதளத்தின் நடுவிலுள்ள கெர்னல். லினக்ஸ் கெர்னலைத் திருத்தி எழுதாமலும் கணினியை மறுதொடக்கம் செய்யாமலும், நாம் எழுதிய ஒரு சிறு நிரலை அதற்குள் செருக வழிசெய்யும் ஏற்பாட்டுக்கு ஈபிபிஎஃப் என்று பெயர். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் பாக்கெட்டுகளை வடிகட்டுவதற்காக வடிவமைத்த பிபிஎஃப் அதன் மூதாதை. 2014 முதல் அலெக்சி ஸ்டாரவாய்டவ் முன்னெடுத்த விரிவாக்கமே இன்று நாம் பயன்படுத்துவது. உள்ளே நுழையும் நிரல் முடிவின்றி ஓடாது, தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொடாது என்பதை வெரிஃபையர் என்னும் சோதனையாளர் முதலில் உறுதிசெய்கிறது. என் வாசிப்புக்கு எட்டியவரை, ஆய்வாளர்களின் கவனத்தில் பெரும்பகுதியை இந்த வாயிற்காவலரே பெற்றுக்கொள்கிறார். வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்ட நிரலுக்கு யார் பொறுப்பு, அது எப்போது வெளியேற வேண்டும் என்ற கேள்விகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நிரலின் ஆயுளைக் கெர்னல் ஓர் எண்ணிக்கையால் கணக்கிடுகிறது. ஒரு செயல்முறை நிரலை ஏற்றியதும், அதைப் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி தரப்படுகிறது. இதனை ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பார்கள். எத்தனை பேர் பற்றியிருக்கிறார்களோ அத்தனை எண்ணிக்கை. கடைசிக் கையும் விட்டதும் நிரல் அழிக்கப்படும். நிரல் தன் கணக்குகளை எழுதிவைக்கும் மேப் என்னும் அட்டவணைக்கும் இதே விதி. செயல்முறை இறந்தால் அதன் கைப்பிடிகள் அனைத்தையும் கெர்னலே மூடிவிடும். இதுவரை சிக்கல் ஏதுமில்லை.

நிரலை எங்கே இணைக்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கெர்னலின் ஒரு செயற்கூறு அழைக்கப்படுவதைக் கவனிக்கும் கேப்ரோப் இணைப்பு, அதை உண்டாக்கிய செயல்முறையோடு சேர்ந்து மறையும். பிணைய இடைமுகத்தில், எக்ஸ்டிபி வழியாகவோ டிசி என்னும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அடுக்கிலோ பழைய முறையில் இணைத்த நிரல், இணைத்தவர் இறந்தபின்னும் அங்கேயே இருக்கும். சிகுரூப் எனப்படும் செயல்முறைக் குழுவில் இணைத்தது குழுவோடு வாழும். ஒரே வகை நிரலுக்கு, ஒட்டிய இடத்தைப் பொறுத்து வெவ்வேறு ஆயுள். ஒவ்வொரு துணைமுறைமையும் தன் வழக்கப்படி விதி வகுத்துக்கொண்டதன் விளைவு இது.

ஆயுளைவிட உரிமையின் நிலை மோசமாக இருந்தது. நம் ஊர்ப் புறம்போக்கு நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருபவர் பந்தல் போடுவார். அடுத்து வருபவர் அதைப் பிரித்துவிட்டுத் தம் பந்தலைப் போடுவார். முதலாமவரிடம் காட்டுவதற்கு எந்தத் தாளும் இல்லை. டிசி அடுக்கின் இணைப்பிடங்கள் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தன. உரிய அதிகாரம் பெற்ற எந்தச் செயல்முறையும், அதே முன்னுரிமை எண்ணையும் அடையாள எண்ணையும் சொல்லிப் பிறருடைய நிரலை மாற்றிவிடலாம்.

என் ஆய்வில் இது நேர்ந்தது. பாக்கெட்டுகளின் தாமதத்தை அளக்கும் என் நிரல், பலர் பகிரும் சேவையகம் ஒன்றில் டிசி அடுக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதே சேவையகத்தில் நிறுவப்பட்டிருந்த ஒரு கண்காணிப்புக் கருவி, ஒரு புதுப்பிப்புக்குப் பின் அதே எண்களைக் கேட்டுத் தன் நிரலை அங்கே வைத்தது. எனக்கு எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. கைப்பிடி என் செயல்முறையின் வசம் இருந்ததால் என் நிரல் அழியவில்லை. பட்டியலில் அதன் பெயர் இருந்தது. மேப்பும் இருந்தது. என் செயல்முறை நொடிக்கொரு முறை அதைப் படித்துப் பதிவுசெய்துகொண்டே இருந்தது. ஆனால் எண்கள் அசையவில்லை. மூன்று நாள் தரவு, ஒரே எண்ணின் மூன்று நாள் நகலாக எஞ்சியது. நிரலின் ஆயுளும் இணைப்பின் ஆயுளும் வேறு வேறு என்று கையேட்டில் படிப்பது ஒன்று. ஆய்வேட்டின் நான்காம் இயலுக்குரிய வரைபடம் மேசைப் பலகைபோல் தட்டையாக எழுந்து நிற்பதைப் பார்ப்பது வேறொன்று.

இதற்கான மருந்தாக ஆந்த்ரி நாக்ரீகோ கொண்டுவந்த பிபிஎஃப் லிங்க், 2020இல் லினக்ஸ் 5.7 பதிப்பில் நுழைந்தது. இணைப்பையே தனியொரு பொருளாக்கி அதற்கும் ஒரு கைப்பிடி தருவதுதான் அதன் கருத்து. புறம்போக்குக்குப் பட்டா கிடைத்தது எனலாம். லிங்க்கின் கைப்பிடி உள்ளவரே அதிலுள்ள நிரலை மாற்றலாம். கடைசிக் கைப்பிடியும் மூடப்பட்டால் இணைப்பு தானே கழன்றுகொள்ளும். எக்ஸ்டிபிக்கு இது 5.9இல் வந்தது. டிசி அடுக்குக்கோ 2023இல் வெளியான 6.6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் சேவையகத்தின் கெர்னல் அதைவிடப் பழையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எக்ஸ்டிபிக்குப் பட்டா தரலாமா என்பது குறித்து 2020இல் நடந்த விவாதம், நான் படித்த பொறியியல் விவாதங்களில் மிகச் சுவையானது. டோக்கே ஹொய்லாண்ட்-யோர்கென்சன் வேறொரு வழியை முன்வைத்தார்: 'இந்த நிரல்தான் அங்கே இருக்கிறது என்றால் மட்டும் மாற்று' என்று நிபந்தனையோடு கேட்கும் வசதி இருந்தால், ஒருவர்மேல் ஒருவர் தெரியாமல் ஏறுவதைத் தவிர்க்கலாமே. நாக்ரீகோவும் ஸ்டாரவாய்டவும் அதை ஏற்கவில்லை. நிபந்தனையைச் சொல்லாமல் பழைய வழியில் வருபவரை அது தடுக்காது. அவர்கள் கேட்டது உரிமை. மறுதரப்பின் அச்சமும் பொய்யன்று. கணினியின் நிர்வாகி ஒரு நிரலை நீக்க விரும்பினால், பட்டா வைத்திருக்கும் செயல்முறையைத் தேடிப்பிடித்துக் கொல்ல வேண்டுமா? இறுதியில் இரண்டு வழிகளுமே கெர்னலில் சேர்ந்தன. 5.9இலேயே, லிங்க்கை அதன் உரிமையாளர் விருப்பமின்றிக் கழற்றும் கட்டளையும் வந்தது. கழன்றபின் உரிமையாளரிடம் இருப்பது வெற்றுத் தாள். அரசின் நில எடுப்பை ஒத்த அதிகாரம் இது. இழப்பீடு மட்டும் கிடையாது.

நான் லிங்க்கின் பக்கம். ரூட் அதிகாரத்தோடு வேண்டுமென்றே வருபவரை அது தடுக்காதுதான். ஆனால் பகிர்ந்த கணினிகளில் நான் கண்ட இழப்புகளுக்குப் பகை காரணமாக இருந்ததில்லை. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் போனதே காரணம்.

எண்ணிக்கையால் ஆயுளை அளப்பதில் இன்னொரு தொல்லை உண்டு: வட்டம். ஒரு சிகுரூப் நீக்கப்பட்டாலும், அதன் கணக்கில் எழுதப்பட்ட நினைவகம் மீதமிருக்கும்வரை அது சாகாமல் கிடக்கும். முன்பு, அதில் இணைக்கப்பட்ட நிரலும் அதோடு சேர்ந்து கிடந்தது. அந்த நிரலின் நினைவகத்தையும் அதே சிகுரூப்பின் கணக்கில் எழுதினால் என்ன ஆகும்? நினைவகம் குழுவைப் பிடித்திருக்கும், குழு நிரலைப் பிடித்திருக்கும், நிரல் நினைவகத்தைப் பிடித்திருக்கும், எதுவும் விடுபடாது. 2019இல் ரோமன் குஷ்சின் இந்த முடிச்சை அவிழ்த்தார்: சிகுரூப் நீக்கப்பட்ட உடனேயே, அது முழுதாக அழியும்வரை காத்திராமல், நிரல் கழற்றப்படும்.

உரியவர் இறந்தால் இணைப்பு கழல்வது எல்லாருக்கும் நல்லதுதானா? என் அளவீட்டு நிரலுக்கு நல்லது. தீச்சுவராகப் பணியாற்றும் நிரலுக்கு ஆபத்து. அதை ஏற்றிய செயல்முறை பழுதாகி வீழும் கணத்தில் கதவு திறந்துகொள்ளும். எனவே லிங்க்கைப் பிபிஎஃப் கோப்பு முறைமையில் ஒரு பெயரிட்டு ஆணியடித்து வைக்கலாம். பின்னிங் எனப்படும் இவ்வசதி நிரல்களுக்கும் மேப்புகளுக்கும் 2016இன் தொடக்கத்தில் வெளியான 4.4 முதலே உண்டு. கணினி மறுதொடக்கம் ஆகும்வரை, அல்லது யாரேனும் அந்தக் கோப்பை நீக்கும்வரை, ஆணி தாங்கும்.

தோழியின் கேள்விக்கு நேரடியான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். லிங்க் எந்த நிரலைத் தாங்குகிறது, எங்கே இணைந்திருக்கிறது என்பதைக் கெர்னல் சொல்லும். நிரலை ஏற்றிய பயனரின் எண்ணையும் ஏற்றிய நேரத்தையும்கூடச் சொல்லும். எங்களைப் போன்ற ஆய்வகங்களில் எல்லாரும் ரூட்டாகவே ஏற்றுவதால் அந்த எண் எப்போதும் சுழியம். யாருக்காக, எதுவரை என்பதற்கான இடம் அந்தப் பதிவேட்டில் இல்லை. என் ஆய்வுமுன்மொழிவின் இரண்டாம் பகுதி அந்த இடத்தைப் பற்றியது: இணைப்போடு ஒரு பொறுப்பாளரையும் ஒரு காலவரையறையையும் பதிந்து, புதுப்பிக்கப்படாவிட்டால் முதலில் எச்சரித்துப் பிறகு கழற்றுவது. தீச்சுவர் போன்றவற்றுக்கு மட்டும் கழற்றலை விலக்க வேண்டும். அந்த விலக்கை யார் தருவது என்பதில் நெறியாளருக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

இதற்கிடையில் சென்ற மாதம் எங்கள் சேவையகம் ஒன்றில் ஆணியடித்த லிங்க்குகளைப் பட்டியலிட்டேன். ஒன்றின் பெயர் 'டெஸ்ட் 2'. கோப்புகள் திறக்கப்படுவதை அது எண்ணுகிறது. அதை ஏற்றிய செயல்முறை இல்லை. ஏற்றியவர் பட்டம் பெற்றுப் போய்விட்டிருக்கலாம். மேப்பைத் திறந்து பார்த்தேன், எண் ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வகக் குழுவில் கேட்டேன், யாரும் உரிமை கோரவில்லை. நீக்கிவிடலாம் என்று சொல்லவும் யாரும் முன்வரவில்லை. இதைப் படிக்கும் முன்னாள் மாணவர் எவருக்கேனும் அந்தப் பெயர் நினைவிருந்தால் தெரிவியுங்கள்.