பிள்ளைகள் வாய் திறக்கட்டும்

ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் உத்தர வீதிப் பிள்ளைகள் சாயங்காலம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வருவார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் ஆங்கிலப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லின் தலைமேலும் அதன் உச்சரிப்பைப் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள். "மிஸ் அழிக்கச் சொல்லிட்டாங்க தாத்தா" என்றாள். இருக்கட்டும் என்றேன். ஓசை பழகிவிட்டால் கண் தானாகக் கீழே இறங்கிவிடும்.

மிஸ் சொன்னதிலும் நியாயம் உண்டு. 'பேட்' என்று தமிழில் எழுதிவைத்தால் கிரிக்கெட் மட்டையா, காலில் கட்டும் உறையா என்று எப்படித் தெரியும்? ஆனால் அதற்கு ரப்பர் மருந்தல்ல. இரண்டையும் ஆசிரியர் வாயால் சொல்லி, பிள்ளையையும் சொல்லவைக்க வேண்டும்.

அந்தச் சொல்லவைப்பதுதான் நடப்பதில்லை. தமிழில் பேசினால் அபராதம் என்று சொல்லும் தனியார் பள்ளி ஒன்று இங்கே உண்டு, பெயர் எதற்கு? அங்கே படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசுவதில்லை, பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸிலும் முன்பு இதே கதைதான். ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதை 1918இல் அங்கே குற்றமாக்கினார்கள். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் ஸ்பானிஷ் பேசியதற்கே அடி வாங்கினார்கள். 1969இல்தான் இருமொழிக் கல்விக்கு வழி பிறந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடர்ந்த வழக்கில், மொழி புரியாத பிள்ளைக்கு மற்றவர்களுக்குத் தரும் அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் தந்துவிட்டால் அது சமத்துவம் ஆகாது என்று 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் அரசுப் பள்ளிகளில் 2012-13 வாக்கில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தபோது பெற்றோர் முண்டியடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பிலோ பாடத்தைத் தமிழில் விளக்கிவிட்டு, விடையை ஆங்கிலத்தில் உருப்போட வைக்கிறார்கள். தமிழில் விளக்குவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒன்றுமே ஏறாது. உருப்போட்ட கைடு வரியைத் தவிர சொந்தமாக ஒரு வாக்கியம்கூட அதன் வாயில் வராமல் போவதுதான் கோளாறு. எங்கள் ஊர்ப் பக்கத்துச் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் நேஷனல் கல்லூரியிலும் முதலாண்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேட்டுப்பாருங்கள், பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண்ணே வாங்கியிருக்கும்.

ஆசிரியர்களுக்கு என் யோசனை இதுதான்: தினம் ஐந்து நிமிஷம், நேற்று நடந்ததைப் பிள்ளைகளை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில். முடிக்கும்வரை திருத்தாதீர்கள், யாரையும் சிரிக்க விடாதீர்கள். இளம் ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், அத்தனையும் எழுத்துக்கே. "சிலபஸ் முடியணுமே சார்" என்கிறார்கள்.